உன் பெயருக்கு கிராசியெத் சொன்ன அர்த்தம்

அன்பு மகன் கிளாவுதியுவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், லக்சம்பர்க்கில் நீயும் உன் காலும் எப்படி என்று மறைக்காமல் எழுது. இங்கே உருளைக்கிழங்கு எடுத்தாயிற்று, ஆடு குட்டி போட்டது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபின் வந்த நொண்டல் போகாதாம், இந்த நடையோடு ஆகஸ்ட் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அழுதாள். நான், சொல்லவே நாக்கூசுகிறது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஊர் பார்க்குமே என்றுதான் எனக்குக் கவலை.

போன ஞாயிறு பூசை முடிந்து நானும் அம்மாவும் அபிலியு காப்பிக் கடையில் நின்றோம். கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் லத்தீன் படிக்கிற அவன் மகள் கிராசியெத் எல்லார் பெயருக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். பவுலு என்றால் சின்னவனாம், ரொட்டிக்கடை பவுலு தொப்பையைத் தட்டி, "எங்கப்பன் என்னைப் பாக்காமலே பேரு வெச்சிட்டான் போல" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்க பையனுக்கு ரோமாபுரி ராஜா பேரு, அதையும் சொல்லும்மா என்றேன். அந்தப் பெண் முகம் சிவந்து, "வேணாம் மாமா" என்றது. நான் விடவில்லை. "நொண்டின்னு அர்த்தம் மாமா. அந்த ராஜாவே காலை இழுத்துத்தான் நடப்பாராம்" என்றாள். உன் கால் விஷயம் கடையில் எல்லாருக்கும் தெரியும். நான் அம்மாவைக் கைகாட்டி, "நானா வெச்சேன்? எல்லாம் இவ வேலை" என்றேன். தாத்தா பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று நின்றவள் அவள், சண்டை போட்டு இந்தப் பெயரை வைத்தவன் நான். அவள் கோப்பையைக் கீழே வைத்து, "ஆமா, நான்தான் வெச்சேன். இன்னொரு பிள்ளை பொறந்தாலும் அதையேதான் வெப்பேன்" என்றாள். வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மகனே, உன் காலைக் கெடுத்தது பெயர் இல்லை, ஒழுங்காகச் சாரம் கட்டாதவன். தலைகுனிய வேண்டியது நான், நீ இல்லை. மாதா சப்பரம் தூக்க ஆள் சேர்க்கிற அன்செல்முவிடம் போய், உன் இடத்தை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். "முன்னால நிக்கட்டும், மத்தவங்க அவன் நடைக்குத் தக்க நடப்பாங்க" என்றான். சப்பரம் அன்று மெதுவாகவே போகட்டும், நான் கூடவே நடக்கிறேன்.

காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள், ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவை. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உனக்கு இந்தப் பெயரை வைத்த அப்பா,
பெல்மீரு