தையல் போட்ட தோல்

என் விரல்களில் இன்னும் அந்த மணம் போகவில்லை. காய்ந்த தோலும் பழைய பசையும் கலந்த மணம். சப்வேயில் பக்கத்தில் இருந்தவர் என்ன நினைப்பாரோ என்றுகூடப் பார்க்காமல் கையை முகர்ந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். நூலகத்திலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் அதே மணம். கடைசியில் இன்று அவளை நேரில் பார்த்துவிட்டேன்.

அவள் என்றுதான் சொல்லுவேன். உங்களுக்கு அது பல நூறு வருடங்களுக்கு முன் தோலில் எழுதிய லத்தீன் செபப்புத்தகத்தின் கிழிந்த ஒற்றை ஏடு. எனக்குச் சக்களத்தி.

பாதிரியாராகவென்று குருமடத்தில் லத்தீன் படித்துக்கொண்டிருந்த உங்களைக் கலியாணம் கட்டிக் கூட்டி வந்தவள் நான். கடவுளிடமிருந்தே பறித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை, மறைப்பானேன்! மிசிசாகாவில் கந்தோர் வேலை பார்த்த காலமெல்லாம் லத்தீன் உங்கள் வாயில் வரவேயில்லை. பென்சன் எடுத்த பிறகு, பழைய ஏடுகளை விவரித்து எழுத லத்தீன் தெரிந்த ஆள் வேண்டுமென்று பல்கலைக்கழக நூலகத்தில் தேடினார்கள். போனீர்கள். அதோடு என் பாடு முடிந்தது.

சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து அவளுடைய படத்தைப் பெரிதாக்கி வைப்பீர்கள். எவனோ வேறொரு புத்தகத்துக்கு அட்டை கட்ட அவளை வெட்டியதில் இடது ஓரத்து எழுத்துகள் போய்விட்டன. கீழ்மூலையை எலி கடித்திருந்தது. நடுவில் ஈரம் பட்டு மை மங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் அளந்து அளந்து எழுதுவீர்கள். "தெரிஞ்ச செபம்தானே, போன எழுத்தை நிரப்பி எழுதுங்கோவன்" என்றால், "இல்லாததை இல்லையெண்டுதான் எழுத வேணும்" என்பீர்கள். ஒருநாள் நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றேன். சோறு கேட்டீர்கள்.

எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்தபோது கட்டு மாற்றியது நீங்கள்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சுப் படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தீர்கள். "ஓரம் கொஞ்சம் சிவந்திருக்கு. பயப்பிட ஒண்டுமில்லை." அவளைப் பார்க்கிற அதே பார்வை. எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அதைக் கெடுக்கவென்றே அடுத்த கதை வந்தது: "இஞ்சரும், அந்த ஏட்டிலையும் ஒரு ஓட்டையைத் தைச்சுக் கிடக்கு. தையல் உம்மடையைவிட வடிவு." உங்களோடு கதைப்பதையே விட்டேன். அதையும் நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது.

இன்று நூலகத்துப் பிள்ளை, எங்கட ஆட்களின் பிள்ளைதான், பெட்டியைத் திறந்தாள். "கிளவுஸ் தேவையில்லை அன்ரி, கையைக் கழுவினா ஓகே. அங்கிள் ஃபுல் டே இதோடைதான் இருப்பார்." அது எனக்குத் தெரியாதா?

நான் முதலில் தேடியது தையலைத்தான். அட கடவுளே! சாக்குத் தைத்த மாதிரிக் கிடந்தது. நூல் ஒரு பக்கம் இழுத்து, சுற்றியிருந்த தோல் சுருங்கி. தடவியும் பார்த்தேன். "உதுவோ வடிவு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பிள்ளை ஒன்றும் விளங்காமல் சிரித்தாள். பொய்யர் நீங்கள், சுத்தப் பொய்யர். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

பெட்டியை மூடும்போது அந்தப் பிள்ளை சொன்னாள்: "எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ அன்ரி. இதைப் பாக்க நிறையப் பேர் வருவினம்."

அந்த எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன், இன்னும் ஆறவில்லை. வருவார்கள்தான். குனிந்து குனிந்து பார்ப்பார்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அவளைப் பார்க்க ஆள் இருக்கிறது. எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.