மேல்சரிவில் விழுந்த அடி

மகளே, எப்போதும் தங்கமே என்று கூப்பிட்டுத்தான் எழுதுவேன், இந்த வாரம் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். செய்தியில் ஏதேதோ பார்த்துப் பதறியிருப்பாய், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற மேல்சரிவின் அடியில் தங்கம் இருக்கிறதாம், மரத்தையெல்லாம் வெட்டச் சுரங்கக் கம்பெனி ஆள் அனுப்பியது. உன் தாத்தா காலத்தில் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவென்று கிழக்கு மலையை மொட்டையடித்தார்கள், அடுத்த மழைக்கே மலை சரிந்து ஒரு வரிசை வீடு ஆட்களோடு மண்ணுக்குள் போனது. அதில்தான் உன் அத்தையும் போனாள். அதனால் நாங்கள் எல்லாரும் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். மரத்த எடுத்தா மலை எங்க தலையில இறங்கும்யா என்று அப்பா காண்ட்ராக்டரிடம் சொன்னார். உங்க வீட்டயே இடிக்கத்தான போறோம், மலை எங்க இறங்கினா என்ன என்று அவன் சிரித்தான்.

மரம் அறுக்க வந்த கூட்டத்தில் உன் மாமாவும் இருந்தான். வேலைநிறுத்தத்தின்போது அவன் மட்டும் வேலைக்குப் போனதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை, உனக்குத் தெரியும். ரம்பத்தை ஓட்டு என்றார்கள். எங்கக்கா உக்காந்திருக்கா, ஓட்ட மாட்டேன் என்று அதைப் பள்ளத்தில் வீசிவிட்டான். அவ்வளவுதான், கம்பெனிக் காவலாட்கள் இரும்புக் குழாயோடு முதலில் அவன் மேலேயே பாய்ந்தார்கள். மண்டை பிளந்து விழுந்தவன் மேல் அப்பா குப்புறப் படுத்துக்கொண்டார், மிச்ச அடியெல்லாம் அவர் முதுகிலும் கையிலும் விழுந்தது. நான் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து ஒரு காவலாளியின் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த அதிர்வு இன்னும் என் கையில் இருக்கிறது.

மாமாவுக்குத் தலையில் தையல், கண் தப்பியது. அப்பாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, இனிச் சுத்தியல் பிடிக்க முடியாதாம். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். பேச்சு இன்னும் இல்லை, ஆனால் மாமாதான் ஊட்டிவிடுகிறான், அவரும் வாயைத் திறக்கிறார். மரம் வெட்டுவது நின்றிருக்கிறது, பாதிச் சரிவு மொட்டையான பிறகு.

நான் அடித்தவனும் அதே வார்டில்தான். அவன் அம்மா குழாயடியில் என் பக்கத்தில் பாத்திரம் கழுவினாள், நான் யாரென்று தெரிந்துதான் நின்றாள். இந்த மலையில எம்புள்ளைக்கு வேற என்ன வேல இருக்கு, நீங்களே சொல்லுங்க என்றாள். நான் அவள் பாத்திரத்தையும் வாங்கிக் கழுவினேன்.

ஆத்திரத்தில் கிளம்பி வந்துவிடாதே, பஸ் ஸ்டாண்டிலேயே போலீஸ்காரர்கள் நம் ஆட்களைப் பிடிக்கிறார்கள். நாளை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் அடித்தது தெரியாது என்று சொல்லச் சொல்லி வக்கீல் படித்துப் படித்துச் சொல்கிறார். நான்தான் அடித்தேன் என்று சொல்லப் போகிறேன், அந்த அம்மாவும் அங்கே இருப்பாள். என்னிடமிருந்து கொஞ்ச நாள் சத்தம் இல்லையென்றால் மாமாவுக்குப் போன் செய். வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா