உள் பாக்கெட்

டிசம்பர் 3, புதன்

வினோலியா மில்லுக்குப் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு அவளுடைய தையல் மெஷினில் உட்கார்ந்தேன். என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பைக்கு ஓர் உறை.

ஜூனில் குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அன்றிலிருந்து போவது எல்லாம் வயிற்றின் வலப்பக்கம் வைத்த துளை வழியாகப் பையில்தான் வந்து விழுகிறது. என்னைக் கேட்டு வருவதில்லை. பிளாஸ்டிக் பட்டுப் பட்டு வேர்த்து, தோல் வெந்துபோயிருக்கிறது. இடையில் துணி இருந்தால் தேவலை என்று தோன்றியது. அவளிடம் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் தைத்துக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. கட்டின பெண்டாட்டியே ஆனாலும் இதை அவள் பார்க்க வேண்டாம்.

ஊசி ஒடிந்தது. அடிநூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியது. கடைசியில் தைத்து முடித்தது கோணல்மாணலாக ஒரு சுருக்குப்பை. போகட்டும். திங்கட்கிழமை மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஆறு மாதம் போகட்டும், துளையை மூடிவிடலாம் என்றுதான் அன்று சொன்னார். மூடப் போகிற ஓட்டைக்கு எதற்கு நேரான தையல்?

மூடின பிறகு கட்டிலில் படுப்பேன். மூடின பிறகு டூட்டிக்குப் போவேன். மூடின பிறகு வயிறு முட்ட பிரியாணி. ஜூனிலிருந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே ஓட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

மூட முடியாதாம்.

உள்ளே ஒட்டுப்போட்ட இடம் சரியாகக் கூடவில்லை, சுருங்கிவிட்டது, மூடினால் உயிருக்கே ஆபத்து என்றார். நிதானமாக, படம் வரைந்து காட்டித்தான் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. வினோலியாதான் கேட்டாள்: "அப்ப எப்பத்தான் டாக்டர் எடுப்பீங்க?" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதோடயே நல்லா வாழலாம்மா. நெறைய பேர் வாழ்றாங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தாள். எடுத்துவிட்டேன். அம்மையநாயக்கனூர் தாண்டும்போது வெயில் முகத்தில் அடித்தது. திரையை இழுத்துவிடக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் 9

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காத்தமுத்து வந்திருந்தான். திண்டுக்கல்–ரெட்டியார்சத்திரம் டவுன் பஸ்ஸில் அவன் டிரைவர், நான் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே வண்டி. வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"மாப்ள, மொதலாளி கேட்டாருப்பா. இப்ப போட்டுருக்க ஆளு சில்லறையில சுத்துறான்னு அவருக்கே தெரியுது. தை பொறந்து நீ வரலன்னா வேற நெரந்தர ஆளப் போட்டுருவாரு. என்ன சொல்ற?"

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்கலாம்? நவம்பர்ல வந்து ஒரே நாள்ல எறங்கி ஓடிட்ட. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லல."

அவனிடம் எப்படிச் சொல்வேன்? இங்கே எழுதுகிறேன். அன்று பூக்கூடைகளோடு வண்டி நெரிந்தது. ஆட்களைப் பிளந்துகொண்டு பின்பக்கம் போகும்போது யாருடைய முழங்கையோ பையில் இடித்தது. ஓரம் விட்டுக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள்: "என்னய்யா இம்புட்டு நாத்தம்? எலி கிலி செத்துக் கெடக்கா?" எல்லோரும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். நானும் குனிந்தேன். எலியைத் தேடுகிற மாதிரி, ஒவ்வொரு சீட்டாக, டார்ச் அடித்துத் தேடினேன்.

அடுத்த நிறுத்தத்தில் பணப்பையைக் காத்தமுத்து மடியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சட்டையை வெளியே இழுத்துவிட்டு, சோளக்காட்டு ஓரமாகவே நடந்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

நான் தைத்த உறையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. வெட்டின பிறகு தோல் எரிச்சல் தாங்காமல் ஒரு துண்டைப் பொறுக்கி உள்ளே சொருகிக்கொண்டேன். இதுதான் என் வீரம்.

ஜூனிலிருந்து கூடத்தில் பாயில் படுக்கிறேன். நேற்றும் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "பனி எறங்குதுங்க. உள்ள வந்து படுங்க." தூங்குகிறவன் மாதிரி கிடந்தேன். தூக்கத்தில் பை கழன்றுகொண்டால்? அவள் புடவையில், தலையணையில்... பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருவர் முகம்தான் இருவருக்கும். அந்த முகம் ஒருநாள் சுளித்துவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்?

டிசம்பர் 19, வெள்ளி

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். நேற்றுக் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மத்தியானம் பை காலி. சத்தமில்லை, கனமில்லை. பழைய வயிறு மாதிரியே தட்டையாக இருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன்.

இவ்வளவுதானா? உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை?

டிசம்பர் 22, திங்கள்

அவள் வைத்துவிட்டுப் போன சோற்றையும் அவரைக்காய் வெஞ்சனத்தையும் தெரு நாய்க்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். வந்து தட்டைப் பார்த்தாள். "இன்னிக்குச் சாப்டீங்களா, நல்லா இருந்துச்சா?" என்றாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். பொய்க்கு உப்பு வேறு.

எழுந்தால் கண் இருட்டுகிறது. கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கிறது. பரவாயில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குப் போக வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு கோவில் பக்கமே போகவில்லை. எல்லோரும் மௌனமாக முழந்தாளிடும் நேரத்தில் இந்த வயிறு கத்திவிடக் கூடாது. அதற்காகத்தான் இது. அதற்காக மட்டும்தானா? அது முடிந்த பிறகும் இப்படியே விட்டுவிட்டால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதினதைப் படித்தால் பயமாயிருக்கிறது. அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

டிசம்பர் 24, புதன்

தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். நாக்கு மரப்பலகை.

டிசம்பர் 27, சனி

இன்று மாலைதான் வீட்டுக்கு விட்டார்கள். 

கிறிஸ்துமஸ் காலைப் பூசை. வினோலியா எடுத்துவைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பேன்ட் துணியை மட்டும் தைக்கக் கொடுக்காமல் வைத்திருந்தாள். டெய்லரிடம் அளவு கொடுக்க நான் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே வேட்டிதான். குழந்தை இயேசு குடிலுக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றேன். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நானும் இறங்கினேன். வயிறு சத்தமே போடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தரை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் டிரிப்ஸ். உடம்பில் உப்புச் சத்தே இல்லை, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார்களாம். நஸீரா என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண், பையை மாற்ற வந்தாள். நான் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கண்ணே. காலையில இருந்து இது எனக்கு மூணாவது பை."

மாற்றிக்கொண்டே சொன்னாள்: "தண்ணிய நிறுத்துனா பை காயாதுண்ணே. நீங்கதான் காஞ்சுபோவீங்க. உப்புப் போட்ட கஞ்சி, மோரு, வாழப்பழம், இதெல்லாம் விடாம எடுங்க. காலையில வெறும் வயித்துல மாத்துங்க, அப்பத்தான் செத்த நேரம் சும்மா இருக்கும். இதக்கூடவா யாரும் சொல்லல?"

சொன்னார்கள். ஜூனிலேயே சொன்னார்கள். மூடப் போகிறோமே என்று நான்தான் காதில் வாங்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று வினோலியா வெடித்துவிட்டாள்.

கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு ஆரம்பித்தாள்.

"நாய்க்குச் சோறு போட்டத எதுத்த வீட்டு ஒச்சம்மா அத்த சொல்லுச்சு. ஒரு வாரமா ஒரு மனுசன் பட்டினி கெடந்துருக்காரு, நான் அவர்ட்ட உப்பு சரியான்னு கேட்டுக்கிட்டு நின்னுருக்கேன். சாகணும்னு நெனச்சீங்களா? நெனச்சீங்கன்னா எம்மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்கு அருவருப்பா இருக்கும் வினோ," என்றேன். 

"நான் பாத்தேனா? என்னைக்காச்சும் காட்டுனீங்களா? பாக்காமயே எனக்கு அருவருப்புன்னு நீங்களா முடிவு பண்ணா நான் என்ன செய்ய? ஆறு மாசமா நான் அந்த ரூம்ல தனியாக் கெடக்கேன். எனக்கு என்ன வியாதி?"

அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததே குறைவு. மாமனார் இறந்தபோதுகூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டுதான் நின்றாள்.

எழுந்து போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கோபத்தில்தான் காட்டினேன். பாரு, நல்லாப் பாரு, இதுதான், போதுமா...

பார்த்தாள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். முகம் சுளித்தது. ஆம், சுளித்தது. நான் ஆறு மாதமாகப் பயந்த அதே சுளிப்பு. ஆனால் அவள் விரல் போனது பைக்கு அல்ல, பக்கத்தில் வெந்து கிடந்த தோலுக்கு.

"இம்புட்டுப் புண்ண வச்சுக்கிட்டா இருந்தீங்க," என்றாள்.

டிசம்பர் 31, புதன்

வருடம் முடிகிறது. மற்றவர்கள் கணக்குப் பார்ப்பது போல நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஜனவரியில் என் காலை எப்படி இருந்தது? கோழி கூவ எழுந்து, பல் தேய்த்து, பஸ் ஸ்டாண்டில் டீ, முதல் டிரிப். வயிறு என்று ஒன்று இருப்பதே பசித்தால்தான் தெரியும். இப்போது எழுந்ததும் பையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். வெறும் வயிற்றில் பை மாற்றல், அரை மணி காத்திருத்தல், கஞ்சி. தோல் துடைக்க ஒரு துணி, ஒற்ற ஒரு துணி. இதுவும் ஒரு வழக்கம்தான். ஜூனிலேயே இதை வழக்கம் என்று ஒத்துக்கொண்டிருந்தால் தோலாவது பிழைத்திருக்கும். ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. இப்போதும் முழுதாக வரவில்லை. இன்று காலைகூடக் கொல்லையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பேன்ட் துணியை எடுத்து விரித்தேன். நல்ல துணி. வெட்டப் பயமாக இருந்தது.

கடையில் விற்கிற பேன்ட் எல்லாம் இடுப்புப் பட்டை சரியாகத் துளையின் மேலேயே அழுத்துகிறது. பட்டையை மேலே ஏற்ற வேண்டும், தொப்புளுக்கும் மேலே. உள்பக்கம் மெல்லிய காடாத் துணியில் ஒரு பாக்கெட் வைத்து, பை அதற்குள் உட்கார வேண்டும். அப்போது கனம் தோலில் தொங்காது. யார் முழங்கை பட்டாலும் நேராக இடிக்காது. நின்று அளவு எடுத்தேன். உட்கார்ந்தால் வயிறு மடங்குகிறதே என்று உட்கார்ந்தும் எடுத்தேன். டிக்கெட் கிழிக்கக் குனிகிற மாதிரி குனிந்தும் எடுத்தேன்.

அவள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தாள். நான் மெஷினில் இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது.

"நான் தச்சுத் தரவா?"

"வேண்டாம். எங்க அழுத்துதுன்னு எனக்குத்தான் தெரியும்."

"சரி. ஆனா அடிநூலு லூசா இருக்கு. அத மட்டும் முறுக்கிட்டுத் தைங்க."

ஜனவரி 2, வெள்ளி

தைத்துப் பார்த்தால் பேன்ட்டில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முழுவதும் பிரித்தேன்.

ஜனவரி 5, திங்கள்

போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு! வத்தலக்குண்டு வண்டியில் ஏறி, கூட்டத்தில் நின்றே போய்விட்டுத் திரும்பினேன். வரும்போது வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "பசிங்களா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். கடலை மிட்டாய் ஒன்று நீட்டினார். கடலை எனக்கு ஆகாது. வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

பை மறுபடி கழன்றுகொண்டது. நல்ல வேளை, வீட்டில். எல்லாம் வீண் என்று கத்தினேன், பேன்ட்டைத் தூக்கி எறிந்தேன். வினோலியா ஒன்றும் சொல்லாமல் அதை ஊற வைத்தாள். உள் பாக்கெட் ஆழம் பத்தவில்லை. பை நிறைந்தால் மேலே துருத்துகிறது. இன்னும் நாலு விரற்கடை இறக்க வேண்டும். காக்கித் துணியில் இரண்டு தைக்கப் போகிறேன். ஒன்று உடுத்த, ஒன்று மாற்று.

இரவு கட்டிலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. ஆனால் படுத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

காத்தமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எலி தேடிய கதையையும். தலையைச் சொறிந்தான். பிறகு, "ஏலே, அன்னிக்கு நானும் வண்டிய நிறுத்திட்டு எஞ்சின் பக்கம்லாம் தேடுனேனேடா" என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருவரும் முழித்தோம். சிரித்தது அவன்தான் முதலில்.

முதலாளியிடம் தானே பேசுவதாகச் சொன்னான். பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் பார்ப்பாராம்.

ஜனவரி 27, செவ்வாய்

பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறார்கள். ரெட்டியார்சத்திரம் போய்ச் சேர வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரம். காத்தமுத்து ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் அவர்களோடு சேர்ந்து அரோகரா போட ஆரம்பித்துவிட்டான். செம்பட்டிக்குப் போக வேண்டிய கிழவர் ஒருவர் தவறி ஏறிவிட்டார். இறக்கிவிட்டு வேறு வண்டி காட்டினேன். பூக்காரம்மா மூன்று கூடைக்கு லக்கேஜ் காசு தரமாட்டேன் என்று பஸ் ஸ்டாண்ட் வரை சண்டை. "ஒன்னைய மாதிரி கறாரான ஆளு போய்ட்டான்னு சந்தோசமா இருந்தோம், திரும்ப வந்துட்ட" என்றாள். ஒரு கூடைக்கு விட்டுக்கொடுத்தேன். முழம் மல்லிகை கொடுத்தாள், வினோலியாவுக்கு.

இரவு ரசம், அப்பளம். எழுத வேறு எதுவும் இல்லை.