சாயங்காலம் சரியும் இமை

என் பாசமுள்ள அதட்டல்கார அக்காவுக்கு,

அங்கேயும் யாரையாவது விரட்டி வேலை வாங்கிக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பொங்கல் முடிந்த கையோடு என் இடது இமை சாயங்காலமானால் சரிய ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. செராமிக் கம்பெனியில் காலையில் நான் ஒட்டும் கோப்பைக் கைப்பிடிகள் நேராக நிற்கும். பொழுது சாயச் சாய ஒட்டுவதெல்லாம் கோணல். "மண்ணுல தண்ணி ஜாஸ்தியா இருக்குது, அதான்" என்றார் மேஸ்திரி. உன் கைப்பிடிகள் கோணிய காலத்திலும் இதே மேஸ்திரி இதையேதானே சொன்னார்?

உன் கண்ணைப் பார்த்து, "தூங்குமூஞ்சி வந்துட்டாங்க" என்று எல்லோரும் சிரிப்போம். நீயும் சேர்ந்து சிரிப்பாய். பிறகு பேசப் பேசக் குரல் மூக்கால் வந்தது. குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. கடைசியில் மூச்சு முட்டியபோது நாம் யாரும் யோசிக்கவே இல்லை. செராமிக்கில் வேலை பார்ப்பவளுக்கு மூச்சு முட்டினால் தூசிதான், வேறென்ன? டாக்டர் கேட்பதற்கு முன்பே நாமே தூசி என்று சொன்னோம். தூசிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாய். மறுநாள் நீ இல்லை.

அதனால் இந்த முறை மேஸ்திரி பேச்சைக் கேட்கவில்லை. வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண். நான் வாயைத் திறந்ததும், "என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. எதனாலன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கண்ணைத் தாழ்த்தாமல் மேலேயே பார்க்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கடை ஷட்டர் மாதிரி இமை தானாக இறங்கியது. கையுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு இமைமேல் வைத்தாள். எடுத்ததும் கண் நன்றாகத் திறந்தது. "சரியாப் போச்சுங்க டாக்டர்!" என்று இவர் எழுந்தே விட்டார். அவள் சிரிக்கவில்லை. "ஐஸ் வச்சா தெறக்குது பாருங்க, அதான் நோயைக் காட்டிக் குடுக்குது" என்றாள். அப்புறம் கையில் சுரீர் சுரீரென்று கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள்.

மயஸ்தீனியாவாம். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையாம். ஓய்வெடுத்தால் தேறுமாம், உழைக்க உழைக்கத் தளர்ந்துவிடுமாம். மாத்திரை இருக்கிறது, கட்டுக்குள் வைக்கலாம் என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா, ஆத்திரம் வந்தது. மாத்திரையா? இதற்கு மாத்திரை இருந்ததா?

"எங்க அக்காவுக்கும் இதானுங்களா?"

"அவங்கள நான் பாக்கலியேம்மா. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு வர்றது ரொம்ப அபூர்வம். இருந்திருக்கலாம், சொல்ல முடியாது. ஆனா நீங்க, மூச்சு வாங்கினாலோ முழுங்க முடியலைன்னாலோ வூட்டுல ஒக்காந்துக்கிட்டு இருக்காதீங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

மாத்திரை போட்டால் இமை நிற்கிறது. பயம்தான் நிற்கவில்லை. ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் இறங்குமா இறங்காதா என்று யோசித்து விழுங்குகிறேன். இவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் மகள் கயல் என்னோடுதான் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். அவளையும் கூட்டிப்போய்க் காட்டினேன், ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் மின்விசிறியைப் பார்க்கச் சொல்லி அவள் இமைகளைப் பார்க்கிறேன். நேற்று அவள் சலித்துக்கொண்டாள்.

"என்னையே பாக்கச் சொல்ற. நீயும் பாரு சித்தி, யாருது மொதல்ல எறங்குதுன்னு பாக்கலாம்."

இருவரும் தரையில் மல்லாந்து படுத்தோம். என் இமைதான் இறங்கியது. திரும்பிப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவள் விரலால் என் இமையை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். உன் கண்கள். இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வீட்டில் யாருக்கு மூச்சு முட்டினாலும் இனி தூசி என்று சொல்லமாட்டோம். சொல்வதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருப்போம். உன் மகள் கண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கண்ணை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

உன்னிடம் வருவதற்கு இன்னும் அவசரப்படாத,
உன் தங்கச்சி