தவசிமுத்துவின் வரிசை

நாள் 611, 08:10. வழக்கமான பதிவு
செவ்வாய்க் குடியிருப்பு, மேட்டுக் கணினி நிலையம். தரவுத்தளப் பொறுப்பு: செல்லக்கனி. இங்கே நான் ஒருத்திதான்.

பழைய தரவுத்தளம் மூடப்பட்டது. உறவுசார் தரவுத்தளம் ஓடுகிறது. பழையதில் துறைக்கொரு கோப்பு. சுரங்கப் பொறியாளர் தவசிமுத்து, சமையலறைக் கோப்பில் தவசி, மருத்துவக் கோப்பில் முத்து. ஒன்றை அழித்தால் மற்றதற்குத் தெரியாது. புதியதில் ஆளுக்கு ஒரே வரிசை, அட்டவணைகளுக்குள் இணைப்பு. காற்று, கதவு, சோறு எல்லாம் அதைக் கேட்டுத்தான். சுத்தமான வேலை, மறுக்கவில்லை.

13:25. இறப்பு
சுரங்கம் சரிந்து தவசிமுத்து போய்விட்டார். நல்ல மனிதர். அழுதேன்.

அவர் வரிசை 18:00 மணிக்குத் தானாக நீங்கும். கூடவே மனைவி ஜெயராணி, இரண்டு மகள்களின் வரிசைகளும் நீங்கும் என்கிறது திரை. வரிசை இல்லாதவருக்குக் காற்று இல்லை.

14:40. காரணம்
நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? பதிவில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் மகள்கள் அப்பா பெயரை எழுதினார்கள், மனைவி கணவர் பெயரை. புதுத் தரவுத்தளம் மூவரையும் அவரோடு கட்டிவிட்டது. தலை வரிசை போனால் சார்ந்தவையும் போகும் என்பது அதன் விதி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

15:30. தலைமை அதிகாரி ஞானப்பிரகாசம், ஒலிச்செய்தி
"இந்தாம்மா செல்லக்கனி, விதிய மாத்த பூமியிலருந்து அனுமதி வரணும். அழிக்கிறத நிறுத்துற பொத்தான் எங்கிட்டதான் இருக்கு, ஆனா அமுக்க மாட்டேன். எம் வேலை போயிரும். நீ எதுவும் தொட்டுறக்கூடாதுன்னு அந்தக் குடும்பத்து வரிசைகளப் பூட்டிட்டேன்."

உன் வேலை பெரிது, மூன்று உயிர் சிறிது. பற்றி எரிகிறது எனக்கு.

17:20. திருத்தம்
அந்தக் குடும்பத்தைத்தான் பூட்டினார். தன் வரிசையைப் பூட்ட மறந்துவிட்டார்.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் மாற்றி எழுதினேன்: ஞானப்பிரகாசம் தவசிமுத்து. நியாயம் வேண்டுமே, அடுத்து என்னுடையதையும்: செல்லக்கனி தவசிமுத்து. பிறகு இரண்டையும் பூட்டினேன்.

17:51. ஒலிச்செய்தி
"ஏட்டி! என்ன காரியம் செஞ்சிருக்க? எம் பேர எடு!"

என் பதில்: "பூமியிலருந்து அனுமதி வரணும் சார்."

17:58
திருத்தத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

18:00

18:01
மூச்சு வருகிறது.

பொத்தானை அமுக்கிவிட்டார். ஜெயராணியும் பிள்ளைகளும் பட்டியலில் இருக்கிறார்கள். தவசிமுத்து உயிரோடு இருப்பதாகவே காட்டுகிறது. நாளை இதே நேரம் மறுபடி அழிக்கப் பார்க்கும்.

பார்க்கட்டும். குடியிருப்பில் இன்னும் நிறையப் பேருடைய குடும்பப்பெயர்க் கட்டம் திறந்தே கிடக்கிறது.