கோடிச் சேலையின் நிறம்

மாமா,

இன்று காலை ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைக்கப்போன நேரத்தில், பக்கத்தில் கிடந்த போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் பார்வதி அக்காவின் படம். சுற்றிலும் பூமாலை வரைந்து, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி, யாரோ தோட்டத்துக் குழுவில் போட்டிருந்தார்கள். நான் படித்து முடிப்பதற்குள் அதற்குக் கீழே அழுகிற மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன. பார்வதி அக்கா வீடு கூப்பிடு தூரம்தான். நம் வாசலில் நின்றால் அந்தக் கூரைத் தகரம் தெரியும். அங்கிருந்து ஒரு ஆள் வரவில்லை, படம் வந்துவிட்டது. ரொட்டித் துண்டு என் கையிலேயே நின்றுபோனது.

"சோத்துல கை வச்சிருக்கவன்கிட்ட சாவு சொல்லக் கூடாது புள்ள" என்பீர்கள். அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. பார்வதி அக்கா வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது, நீங்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். காலையில் மலைக்குப் போய், மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் உங்கள் தோட்ட வேலை முடிந்தது. அதன் பிறகு உங்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. யாரும் கொடுக்காத வேலை. தோட்டத்தில் ஒரு சாவு என்றாலும், பெண் பெரியவளானாலும், கல்யாணம் குதிர்ந்தாலும், வெளித் தோட்டத்துச் சொந்தங்களுக்குச் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எந்த மலையில் யாருக்கு யார் பங்காளி, யார் வீட்டுக்கு எந்தக் குறுக்கு வழி என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வெள்ளைச் சட்டையைப் போட்டு, துண்டை உதறித் தோளில் போட்டால் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள்.

கல்யாணமான புதிதில் கித்துல்கல பக்கம் ஒரு சாவு சொல்லப் போனீர்கள். என் தாய்வீடும் அந்த வழிதான் என்று நானும் உங்களோடு வந்தேன். நாம் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. செத்தது அந்த வீட்டுக்காரியின் அண்ணன். நீங்கள் வாசலுக்குப் போகவில்லை. சற்றுத் தள்ளி பலா மரத்தடியில் நின்றுவிட்டீர்கள். மழை தூறத் தொடங்கியது.

"போய்ச் சொல்லிட்டு வந்துருங்களேன் மாமா, நனையிறோம்" என்றேன்.

"சாப்பிட்டு முடிக்கட்டும். இனி மூணு நாளைக்கு அந்த வீட்டுல யாரும் ஒழுங்கா திங்க மாட்டாங்க."

அவள் கை கழுவ வெளியே வரும் வரைக்கும் நனைந்துகொண்டே நின்றோம். அப்போது எனக்கு உங்கள் மேல் எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

பிறகு போன் வந்தது. சொல்லி அனுப்பும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. உங்களுக்கும் வயதானது. முதலில் தூரத் தோட்டங்களை விட்டீர்கள். அப்புறம் பக்கத்து டிவிசனை. கடைசியில் நம் லயத்து வரிசை வீடுகளுக்கும் சந்திக் கடைக்கும் இடையில்தான் உங்கள் நடை என்று ஆனது. துண்டை உதறிப் போடுவதுகூட நின்றுபோய், அது கொடியிலேயே கிடந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் என் மகள், உங்கள் பேத்தி, ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். நீங்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த லயத்துக்கு நடந்து போய் ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தீர்கள்.

"தாத்தா, கோல் எடுத்தா போதும்ல" என்று அவள் சிரித்தாள்.

"மொகத்தப் பாக்காம எப்புடிம்மா பேசுறது? அவன் அழுவுறானா சிரிக்கிறானான்னு தெரிய வேணாமா?"

அவளுக்கு உங்கள் பேச்சு வேடிக்கையாக இருந்தது. எனக்கும்தான்.

அப்புறம் அந்த மாசம் வந்தது. உங்களுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். மனசுக்கு அதிர்ச்சி எதுவும் வரக் கூடாது, மேடு ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், எஹலியகொடவிலிருந்து உங்கள் தங்கச்சி மகள் என் போனுக்கு எடுத்தாள். "அக்கா, அம்மா போயிருச்சு" என்றாள்.

நீங்கள் வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"யாரு போன்ல?"

"உங்க பேத்தி மாமா."

"சாப்பிட்டாளாமா?"

"சாப்பிட்டாளாம்."

அவ்வளவுதான். அத்தனை எளிதாக வந்தது. உங்கள் மகன் பயந்தார். "அப்பாகிட்ட சொல்லாம எப்புடி? கூடப் பொறந்தவ" என்றார். "சொன்னா ரெண்டு சாவு பாக்கணும், பரவாயில்லையா?" என்று கேட்டு அவர் வாயை நான்தான் அடைத்தேன். அவர் சந்திக் கடை முதலாளியின் வேனைக் கேட்டு எடுத்துக்கொண்டு, உங்களிடம் அவிசாவளையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் ஒரு சேலை வாங்கி, பிறந்த வீட்டுக் கோடியாக உங்கள் பேரைச் சொல்லி அத்தையின் மேல் போர்த்திவிட்டு வந்தார். அண்ணன் கையால் போட வேண்டிய கோடி அது. அதற்கு மேல் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போவதற்கு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை மாமா. தெரிந்துதான் செய்தேன்.

அவர் பின்னேரம் ஈரத்தலையோடு திரும்பி வந்தார்.

"ஏன்டா தல நனஞ்சிருக்கு?" என்று கேட்டீர்கள்.

"மழைப்பா."

நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். வானம் வெளுத்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டீர்கள். அப்போதே உங்களுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் போயிருக்கும். கொஞ்சம் தேறி, வெற்றிலை வாங்க நீங்களாகவே சந்திக் கடைக்கு நடந்து போனீர்கள். கடை முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டாராம்: "சீயாகே நங்கி நெதிவுணா நேத? மட்ட ஹரி துக்காய்." உங்கள் தங்கச்சி இறந்துபோய்விட்டாராமே, எனக்கு ரொம்ப வருத்தம் என்று. நீங்கள் "ஔ முதலாளி, நெதிவுணா" என்று சொன்னீர்களாம். ஆமாம், இறந்துவிட்டாள் என்று. முன்னமே தெரிந்த மாதிரி. நம் வீட்டின் மானத்தை அந்தக் கடை வாசலிலேயே காப்பாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இதை முதலாளி எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து.

அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வெற்றிலையைப் பெஞ்சில் வைத்தீர்கள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கம் போனீர்கள். நேரமாகியும் வரவில்லையே என்று ஓடி வந்து பார்த்தால், சட்டையோடு தண்ணீருக்கு அடியில் நிற்கிறீர்கள். மலைத் தண்ணீர் உச்சந்தலையில் விழுகிறது. உதடு நடுங்குகிறது.

"மாமா, என்ன இது! நெஞ்சு வலி வந்த ஒடம்பு! வெளிய வாங்க!"

"தங்கச்சி செத்தா தல முழுகணுமா வேணாமா?"

நீங்கள் கத்தவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துவட்டிவிட வந்த என் கையிலிருந்து துண்டை வாங்கி நீங்களே துவட்டிக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பேசினீர்கள்.

"கோடி யாரு போட்டா?"

"உங்க மகன்தான் மாமா. உங்க பேரச் சொல்லித்தான் போட்டாரு."

"என்ன கலரு?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. பின்னேரம் உங்கள் மகன் வந்ததும் அவரிடமும் கேட்டீர்கள். அவர் தலையைச் சொறிந்தார். "பச்சையாப்பா… இல்ல, ஊதா மாதிரி. அவசரத்துல எடுத்தது." நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டீர்கள், கொடுத்த மாத்திரையை விழுங்கினீர்கள். மூன்றாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றீர்கள்.

"எஹலியகொட போறோம். நீயும் வா புள்ள."

தண்ணீர்ப் போத்தலையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவிசாவளையில் இறங்கி, இரத்தினபுரி பஸ் பிடித்து, எஹலியகொடவில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஏறினோம். பத்தடிக்கு ஒரு தடவை நின்றீர்கள். ஒவ்வொரு ரப்பர் மரத்திலும் கை ஊன்றி மூச்சு வாங்கினீர்கள். வழியெல்லாம் நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்: நான்தான் மறைச்சேன், மாமா மேல தப்பில்ல, நான்தான் மறைச்சேன்.

தங்கச்சி மகள் வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை. வாங்க என்று சொல்லவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சிச்சா மாமா? பொறந்த வீட்டு ஆளு எங்க, அண்ணன் எங்கன்னு சனமெல்லாம் கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் முன்னால் வந்தேன். "தங்கச்சி, அது வந்து… நான்தான்…"

நீங்கள் என்னை முடிக்க விடவில்லை.

"எனக்குத்தான் முடியல தாயி. சேதி வந்த அன்னைக்கே புள்ள எங்கிட்ட சொல்லிருச்சு. நாந்தான் எந்திரிக்க முடியாம கெடந்தேன். மகன அனுப்புனேன். என்னைய மன்னிச்சிரு."

எத்தனை வீட்டு வாசலில் நின்று எத்தனை செய்தி சொன்ன வாய் அது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிற ஆள் என்றுதான் உங்களை அனுப்பினார்கள். அந்த வாயால் எனக்காகப் பொய் சொன்னீர்கள். அவள் ஓடி வந்து உங்கள் தோளில் விழுந்தாள். மூன்று வாரமாக அடக்கியதெல்லாம் அப்போதுதான் வெடித்தது. நீங்களும் அப்போதுதான் அழுதீர்கள்.

அழுது ஓய்ந்து உட்கார்ந்த பிறகு அவள் சொன்னாள்: "நீங்க குடுத்துவிட்ட சேலயப் போத்தினதும் அம்மா மொகமே தெளிஞ்ச மாதிரி இருந்திச்சு மாமா. அம்மாவுக்கு அரக்குன்னா உசுரு. ஞாபகம் வச்சு அரக்கு எடுத்திருக்கீங்களே."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினீர்கள்.

"ஆமா தாயி. அரக்கு."

அந்த நிறத்தை நீங்கள் தெரிந்துகொண்டது அந்த நிமிஷம்தான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிசாவளை கிட்ட வந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் மாமா அப்புடிச் சொன்னீங்க? தப்பு எம்மேலதான."

"ஒம்மேலதான்" என்றீர்கள். "நா இன்னும் எத்தன நாளைக்கு? நீ அந்த வீட்டுக்குப் போவணும் வரணும்ல."

அடுத்த மழைக் காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். தூக்கத்திலேயே. யாருக்கும் சொல்லாமல். எஹலியகொடவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று உங்கள் மகன் எண்ணைத் தேடினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். அந்த மேட்டில் உங்களைப் போலவே மரத்துக்கு மரம் நின்று ஏறினேன். செய்தியைச் சுமந்துகொண்டு நடப்பது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் எப்படி மாமா சுமந்தீர்கள்? உங்கள் தங்கச்சி மகள் என்னைத் தனியாகக் கண்டதுமே புரிந்துகொண்டாள். அவள் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

இப்போதும் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன், அவள் இங்கே வருகிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இல்லை, சும்மாவும்தான். பேத்திக்கு இது புரியவில்லை. "காரணம் இல்லாம யாராவது பஸ் ஏறிப் போவாங்களாம்மா?" என்கிறாள். நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

போன தடவை எஹலியகொடவில் உங்கள் தங்கச்சி மகள் வீட்டுக்கு யாரோ உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். என் தோளில் கை போட்டுக்கொண்டு அவர்களிடம் சொன்னாள்: "அம்மா செத்த அன்னைக்கே மாமாகிட்ட சொல்லி, உடனே ஆளையும் அனுப்புனது இந்த அக்காதான். இப்புடி ஒரு மருமக யாருக்குக் கெடைக்கும்?" அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நீங்கள் அவளிடம் கேட்ட மன்னிப்பு பொய்யாகிவிடும், அரக்கு நிறமும் பொய்யாகிவிடும். அதனால் பேசாமல் இருந்தேன். அந்தப் புகழ்ச்சி எனக்குச் சேராது மாமா. ஆனாலும் அவள் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறேன். அந்த வீட்டுக்கு இன்னும் போக வேண்டியிருக்கிறது.