சர்கீஸின் நூற்றைம்பதாம் சங்கீதம்

1915 அக்டோபர் 18

எழுத்து பிறக்கும் முன்பே இருந்த வார்த்தையே, இம்முதிய துறவியின் மைக்கூட்டை ஆசீர்வதியும். எழுதுவது யாவும் உமது சமுகத்தில் மெய்யாயிருக்கட்டும்.

வெட்டுக்கிளி தின்றது போக மிஞ்சிய கோதுமையைத் துருக்கியப் படை கொண்டுபோயிற்று. ஆயினும் மடத்துப் பள்ளி இன்று திறந்தது. சுரியானி மொழியில் தாவீதின் சங்கீத நூல் ஒன்றே உள்ளது. பதினொரு பிள்ளைகள் அதனைச் சூழ்ந்து நின்றனர். புதியவன் சர்கீஸுக்கு எதிர்ப்புறமே கிடைத்தது. எழுத்துகளைத் தலைகீழாகவே கற்கிறான்.

"இவன் வவ்வால், அபூனா" என்றான் ஒருவன் என்னிடம்.

"வவ்வாலாவது இருட்டுல பறக்கும். நீ பகல்லயே முட்டிக்கிற" என்றான் சர்கீஸ்.

1916 ஜனவரி 24

எழுவர். நீதிமானின் பிள்ளைகள் கையேந்துவதில்லை என்று தாவீது பாடும் இடம் வந்தது. அப்போது மடத்து வாசலில் பிள்ளைகள் கையேந்தி நின்றனர். அடுத்த சங்கீதத்துக்குத் தாவினேன்.

பிப்ரவரி 22

இருவர்.

மார்ச் 14

சர்கீஸ் மட்டும். மற்றவர்களைக் காய்ச்சலும் பசியும் பங்கிட்டுக்கொண்டன.

இடம் காலியாயிருக்கிறதே என்று நேர்ப்புறம் வந்து நிற்கச் சொன்னேன். விழித்தான்.

"இங்கருந்து பாத்தா எல்லாம் கவுந்து கெடக்கு, அபூனா."

பல மாதங்களுக்குப் பின் சிரித்தேன். பிறகு நானே அவன் பக்கம் போய் நின்றேன். எழுபது வயதில் மீண்டும் எழுத்துக் கூட்டினேன், அவன் திருத்தினான்.

மாலையில் மடத்தலைவர் யூவாகீம் வந்தார்.

"ஒத்தைப் பையனுக்குப் பள்ளிக்கூடமா? இவனுக்கு ஊத்துற கஞ்சிய வாசல்ல நிக்கிறவங்களுக்கு ஊத்தலாமே."

"நூற்றைம்பது சங்கீதமும் முடியட்டும், தலைவரே."

"சரி. முடிஞ்சதும் அவன் வீட்டுக்குப் போயிடணும். பள்ளியப் பூட்டிடுவோம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் உறக்கம் வரவில்லை.

ஏப்ரல் 3

நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம். எல்லாவற்றிலும் நீண்டது. அதையும் பகுதி பகுதியாக இருமுறை படிக்கவைக்கிறேன். முடிந்தால் பள்ளியும் முடிந்ததல்லவா?

சமையலறைச் சகோதரர் மத்தா எட்டிப் பார்த்தார். "எழுதுறதுக்கே தாவீது இவ்ளோ நாள் எடுத்திருக்க மாட்டாரு."

மடத்தில் தங்கிப் படிக்கும் சர்கீஸைப் பார்க்கப் பள்ளத்தாக்கு ஊரிலிருந்து ஞாயிறுதோறும் வரும் அவன் தாய் இரு வாரமாக வரவில்லை. படைவீரர் பாதையை அடைத்திருப்பார்கள் என்று அவனிடம் சொன்னேன். அப்படித்தானே? அப்படித்தான் இருக்கணும், ஆண்டவரே.

மே 8

இன்று காலை நூற்றைம்பதாம் சங்கீதத்தைத் தடையின்றிப் பாடினான். இனி நிறுத்திவைக்க ஒரு வரியும் மிச்சமில்லை.

சங்கீதம் முடித்தவனைக் கூடப் படித்தவர்கள் தோளில் தூக்கி, பாடிக்கொண்டே வீடு சேர்ப்பது இப்பள்ளி தோன்றிய நாள்முதல் வழக்கம். கூடப் படித்தவர் எங்கே? நான் நூலை மூடிவிட்டு நின்றேன். பள்ளியைப் பூட்ட வந்திருந்த யூவாகீம் அங்கியை இடுப்பில் செருகிக் குனிந்தார்.

"ஏறுடா. நானும் இங்க படிச்சவன்தான்."

பாடிக்கொண்டே பள்ளத்தாக்கில் இறங்கினோம். பாதையில் படைவீரர் எவருமில்லை. அவன் வீட்டுக்குக் கதவில்லை. உத்திரங்களையும் கழற்றி விற்றிருந்தார்கள். அடுத்த வீட்டுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பாட்ட நிறுத்துங்க, அபூனா. இவங்கம்மா ஈஸ்டருக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா."

சர்கீஸ் இறங்க முயன்றான். யூவாகீம் அவன் கால்களைப் பற்றிய பிடியைத் தளர்த்தவில்லை. அப்படியே திரும்பி மேடேறினார். பாதி வழிவரை பிள்ளையின் அழுகை மட்டுமே கேட்டது.

பின்பு மூச்சிரைக்கக் கேட்டார்: "நாளைக்கு என்ன பாடம்டா?"

"எல்லாம் முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சா என்ன? முதல் சங்கீதத்துலேருந்து ஆரம்பி."

இதை வாசிப்பவரே, நீர் தட்டும் கதவு திறக்கட்டும். திறப்பவர் உமக்குரியவராகவே இருக்கட்டும். உம் வீட்டார் ஒருவரும் குறையாமல் பந்தியில் அமரக் கர்த்தர் அருள்வாராக. ஆமென்.